அம்மாவின் ஆமென்

ரேவ்தண்டா
செவ்வாய்க்கிழமை

தூர தேசத்தில் நம் யூத வேதம் படிக்கும் என் மகன் எல்காணாவுக்கு, அப்பா ஹஸ்கேல் சொல்லச் சொல்ல போஸ்ட் மாஸ்டர் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டுவிட்டது. மாட்டை விற்றேன். செக்கு சும்மா நிற்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வெள்ளி மாலைக் கோப்பைக்காக உலர்ந்த திராட்சையைக் கொதிக்க வைத்து வடிகட்டினால் அது திராட்சை ரசம் ஆகாது. பழத்தைப் பிழிந்தால் சாறு வர வேண்டும். வராவிட்டால் வெறும் நிறம் ஏறிய தண்ணீர்தான், அதற்குத் தண்ணீரின் துதியைத்தான் சொல்ல வேண்டும், ‘கொடியின் கனியைப் படைத்தவரே’ என்று சொன்னால் கடவுள் பெயர் வீணாகும் என்று எழுதியிருந்தாய்.

கோபம் வந்தது. ஐம்பது வருஷம் எண்ணெய் ஆட்டினவனுக்குப் பிழியச் சொல்லித் தருகிறானே என்று. இருந்தாலும் வடிகட்டின பழத்தை எடுத்துப் பிழிந்து பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

உன் படிப்பு கெடுமே என்று அம்மாவைப் பற்றி முழுதும் சொல்லாமல் இருந்தேன். பக்கவாதம் வந்தபின் அவளுக்குப் பேச்சு இல்லை. தூக்கமா விழிப்பா என்று தெரியாமல், கடல் பக்கம் முகத்தை வைத்து மிதந்துகொண்டிருக்கிறாள். வாரத்துக்கு ஒரே சொல்தான். வெள்ளி மாலை சப்பாத் ஓய்வுநாள் விளக்கேற்றி, கோப்பையைத் தூக்கி, கொடியின் துதியைச் சொன்னால், ‘ஆமென்’ என்பாள். எங்கள் கல்யாணத்தன்று சொன்ன அதே குரல். அன்று கோப்பையில் நாலு திராட்சைத் தோல் மிதந்தது.

உன் கடிதம் வந்த வாரம், நீ சொன்னபடியே தண்ணீரின் துதியை, ‘எல்லாம் அவர் சொல்லால் உண்டாயிற்று’ என்றேன். ‘ஆமென்’ வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி, வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். நான் கோப்பையைக் கீழே வைத்த பிறகும் காத்திருந்தாள்.

அதனால் சாறுள்ள பழம் தேடி அலிபாக் கடைத்தெருவுக்குப் போனேன். மளிகைக்காரன், ‘என்ன எண்ணெய்க்காரரே, இனிமே திராட்சையில எண்ணெய் எடுக்கப் போறீரா? வாங்காமலே எத்தனை பழத்தத்தான் நசுக்குவீரு?’ என்று கத்தினான். ‘நீ விக்கிறது பழமா கூழாங்கல்லான்னு பாக்க வேணாமா?’ என்றேன். கடைசியில் சதைப்பற்றான கறுப்புத் திராட்சை கிடைத்தது. மூன்று நாள் ஊறப்போட்டேன். வீடெங்கும் அந்த வாசனை. பட்டப்பகலில் எனக்குக் கனவு வந்தது, அவள் தென்னைக்கடியில் நின்று யாரோடோ சிரித்துப் பேசுகிறாற்போல. வெள்ளிக்கிழமை பிழிந்தேன். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.

கொடியின் துதியைச் சொன்னேன். ‘ஆமென்’ என்றாள். பிறகு கட்டிலில் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள். நான் உட்காரப் போனேன். கையால் தள்ளிவிட்டு, நீ போன கடல் பக்கம் பார்த்தாள்.

மகனே, திராட்சை விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. உன்னைப் படிக்க வைத்த கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். இன்னும் எத்தனை வெள்ளிக்கு நான் பழம் வாங்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. இந்த வாரத்துக்கு ஊறப்போட்டாயிற்று. அவள் விட்ட இடத்தில் நான் உட்காரவில்லை.

உன் அப்பா
ஹஸ்கேல் (கைநாட்டு)