இசைத்தட்டில் ஏறிய கணக்கப்பிள்ளை

1956 மார்ச் 14, புதன்கிழமை. லிந்துலை.

எங்கள் தேயிலைத் தோட்ட உத்தியோகத்தர் மன்றம் இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானமொன்றை ஏகமனதாக நிறைவேற்றியது: கிராமபோன் பெட்டியை மூலையிலிருந்து நடுமேசைக்கு மாற்றுவது. மருதாயி பாடிய இசைத்தட்டு வந்துவிட்டதே காரணம். கொழுந்து பறிக்கும்போது அவள் பாடும் பாட்டைக் கொழும்பில் பதிந்து விற்கிறார்கள். தலவாக்கலைக் கடைகளில் இப்போது அதுதான் பாடுகிறது.

"கூடை நெறஞ்ச கொழுந்துக்கும் குத்தம் சொல்லும் சுப்பையா" என்ற வரி வந்ததும் எல்லோரும் சிரித்தோம். மலையில் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சுப்பையா மட்டும் சிரிக்கவில்லை. மருதாயியை வரவழைத்து வாசலிலேயே நிறுத்தினார்.

"எம்பேர ஊரு பூரா விக்கிறியா?"

"மலையில யாரு நிக்கிறாங்களோ அவங்க பேரத்தாங்க போட்டுப் பாடுவோம். கொழும்புல யாரும் நிக்கல. பழக்கத்துல ஒங்க பேரு வந்துருச்சுங்க."

இதைவிட நேர்மையான விளக்கத்தை எங்கள் மன்றம் கேட்டதில்லை. மலையில் வருடக்கணக்காக அவரே கேட்டுச் சிரித்த வரி, தட்டில் ஏறியதும் அவதூறாகிவிட்டது. நேரே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் போனார். துரைக்குப் பாட்டும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆகவே தீர்ப்புச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் இல்லை. சத்தமாகச் சிரித்த வாய்கள் ஒன்றுகூட, என் வாய் உட்பட, அவளுக்காகத் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நாற்காலிகளைப் பற்றித் தீர்மானிப்பார்கள்.

மருதாயியை வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டை ஐந்து மணிக்குத் தோட்டக் கந்தோரில், என் எழுத்தர் மேசையில், நான்தான் தட்டச்சு செய்தேன். சனிக்கிழமைக்குள் அவள் தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும்.