கயிறுவிட்டான் வீடு

தருவைகுளம்
9-1-1974

இனிகோ அப்பாவுக்கு, பிலோமினா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம். உங்கள் சுகம் எப்படி? கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நின்று ஊருக்கெல்லாம் சோறு போடுகிறீர்கள், நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போன கடிதத்தில் உங்கள் இருமலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். எங்களைப் பற்றி நாலு வரி. சரி, இருக்கட்டும்.

என் எழுத்து கோழி கிண்டினதுபோல இருக்கும். கோயில் ஞானோபதேசப் புத்தகம் வாசிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் பள்ளிக்கூடம். எழுத்துக் கூட்டி வாசியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஆட்டைச் சொல்ல வேண்டும், ஆடு இல்லாவிட்டால் விஷயமே இல்லை. நம்ம கறுப்பு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பாஸ்கல் அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் போய் நின்றது. அவர் மகன் கிளாட்வின் பிடித்துக்கொண்டு வந்து விட்டான். சங்கு குளிக்கப் போகிற பையன்களில் இப்போது அவனைப்போல ஆழத்துக்குப் போகிற ஆள் கிடையாது. தண்ணீர் கேட்டான். நம்ம கிரேசி கொடுத்தாள். அதிலிருந்து ஆடு வாரம் தவறாமல் அறுத்துக்கொண்டு அங்கேயே போனது. நானும் புதுக்கயிறு வாங்கி வாங்கிப் பார்த்தேன். கடைசியில்தான் தெரிந்தது, அறுத்துவிடுகிறது நம்ம மகள்.

நேற்று பாஸ்கல் அண்ணாச்சி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, பய ஆசப்பட்டுட்டான். பொண்ண எடுக்கேன். ஆனா ஒம் மவன் கயிறு பிடிக்கக் கூடாது. என் தம்பி மவன் பிடிப்பான்" என்றார்.

நான் பேசுவதற்கு முன்னால் கிரேசி உள்ளே இருந்து வந்தாள். "எங்க அண்ணன் கை ஆகாதுன்னா என் கையும் ஆகாது மாமா" என்றாள். அவர் போய்விட்டார்.

உங்களுக்கே தெரியும், கடலுக்குள் முங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மேலே வள்ளத்தில் அவன் மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாது என்று அவன் ஒருத்தன்தான் கண் அசரமாட்டான். நம்ம வீட்டுக்குத்தான் அந்த முறை கிடையாது. உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் லாசர் செய்த வேலை அப்படி. வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில், ஆட்கள் வாயில் ஒதுக்கிக் கொண்டுவந்த முத்தைக் கமுக்கமாக வாங்கி வைத்துக்கொண்டு, பங்கு கேட்டவனை அடுத்த முங்கலில் கயிற்றை விட்டுக் கொன்றான். கடைசியாகச் செத்தது சொந்தத் தங்கச்சி புருஷன். லாசரைப் பாளையங்கோட்டையில் தூக்கில் போட்டார்கள். இன்றைக்கும் தபால்காரர் நம்மைத் தேடுவது கயிறுவிட்டான் வீடு என்றுதான்.

உங்கள் அப்பா ஐந்து கொலை என்று சொல்வார். வீரபாகு டீக்கடையில் இப்போது பதினொன்று. போகிற போக்கில் லாசர் இந்த ஊரில் ஒருத்தரையும் மிச்சம் வைக்கமாட்டான்.

என்ன செய்யட்டும்? பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
இனிகோ அம்மா

•

கொழும்பு
24-1-1974

அன்புள்ள பிலோமினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் தேவலை.

பாஸ்கல் அண்ணாச்சி சொன்னதற்கு ஒத்துக்கொள். பொண்ணை எடுக்கிறேன் என்று அவர் வாயால் சொன்னதே பெரிது. இந்த வீட்டில் பெண் எடுக்க ஒருத்தன் வாசல் வரைக்கும் வந்தானே.

என் அக்காளைக் கட்டினவர் அவர் கயிற்றை என் கையில் தரவில்லை. நான் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன், என்னைத் தாண்டி வேறொருத்தனிடம் நீட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு விட்டதுதான் கடல். இந்தக் கடையில் நான் ஏன் வேலைக்குச் சேர்ந்தேன் தெரியுமா? இங்கே தண்ணீருக்குக் குழாய் இருக்கிறது. கிணற்றுக் கயிறு தொட வேண்டாம்.

லாசர் செய்தது பொய் இல்லை. அந்த ரத்தம்தான் என் கையிலும் இனிகோ கையிலும் ஓடுகிறது. கடலில் எதுவும் நடக்கும். வேறொருத்தன் பிடித்து ஏதாவது ஆனால் அது கடல் செய்தது என்பார்கள். நம்ம பிள்ளை பிடித்து ஆனால் கொலை என்பார்கள். அவன் தொடவே கூடாது. இது என் உத்தரவு.

செபாஸ்டின்

•

தருவைகுளம்
7-2-1974

இனிகோ அப்பாவுக்கு,

உங்கள் உத்தரவு கிடைத்தது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவில்லை. மடித்து அரிசிப்பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பானை ஆடாமல் நிற்கிறது.

ஆடு ரெண்டு குட்டி போட்டது. ஒன்று கறுப்பு, ஒன்றுக்கு நெற்றியில் மட்டும் வெள்ளை.

லாசர் கொன்றான். நானும் இல்லை என்று சொல்லவில்லை. அதற்குத்தான் அவனைத் தூக்கில் போட்டார்கள். அவன் ஒரு தடவை ஏறினான். நீங்கள் தினமும் போய் ஏறி நிற்கிறீர்கள். பதினோரு வருஷமாக நான் இங்கே தனியாகக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறேன்.

கிளாட்வின் வீரபாகு கடையில் வைத்து அவன் அப்பாவிடமே சொல்லிவிட்டான். "இனிகோ பிடிச்சாத்தான் முங்குவேன். இல்லன்னா ஒங்க வள்ளத்துல எனக்கு வேலை இல்ல." கடையில் டீ ஆற்றின சத்தம்கூட நின்றுபோனதாம். வீரபாகுவுக்கு வாய் நிற்காதே, "பன்னெண்டாவது ஆளு நீதாம்லே" என்று சொல்லியிருக்கிறார். கிளாட்வின் காசை வைத்துவிட்டு, "அப்ப கடனில்லாமப் போறேன் அண்ணாச்சி" என்றானாம். எனக்கு இந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை போகிறார்கள். பாஸ்கல் அண்ணாச்சியும் வள்ளத்தில் ஏறுகிறார், இனிகோவின் கையைக் காவல் பார்க்க. இனிகோ ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. "பயமா இருக்காலே?" என்று கேட்டேன். "அவன் முங்குறதுக்குப் பயப்படலியே, நான் பிடிக்கதுக்கு என்ன" என்றான்.

வேண்டாம் என்று நினைத்தால் தந்தி அடியுங்கள். அதையும் பானைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

பிலோமினா

•

தருவைகுளம்
21-2-1974

இனிகோ அப்பாவுக்கு,

முதலில் மூச்சை விடுங்கள். போன எல்லாரும் கரையில் இருக்கிறார்கள். இனி நான் நிதானமாகச் சொல்லலாம்.

திங்கட்கிழமை விடியும்போது கிரேசியும் நானும் கடற்கரைக்குப் போனோம். நாங்கள் எதற்கு வந்தோம் என்று ஊருக்கே தெரியும். பெண்கள் கொஞ்சம் தள்ளித்தான் நின்றார்கள், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வேளாங்கண்ணி மாதா படத்தை மடியில் கட்டியிருந்தேன். அந்தப் படம் உங்களோடு போனபோது வாங்கினது, பஸ்ஸில் உங்கள் செருப்பு தொலைந்ததே, அதே தடவை. சரி, கடலுக்கு வருகிறேன்.

நாலைந்து முங்கல் ஒழுங்காக நடந்திருக்கிறது. பாஸ்கல் அண்ணாச்சி கடலைப் பார்க்கவே இல்லையாம், இனிகோவின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அடுத்த முங்கலில் கயிறு கல்போல இறுகிவிட்டது. கீழே பாறையில் மாட்டிக்கொண்டது. அண்ணாச்சியின் தம்பி மகன் எழுந்து, "விட்டுட்டான், விட்டுட்டான்" என்று கத்தியிருக்கிறான்.

"விடல. இந்தா, கையில இருக்கு" என்றிருக்கிறான் இனிகோ.

"இழுலே" என்று அண்ணாச்சி.

"இழுத்தா பாறையில அறுந்துரும் மாமா."

இனிகோ, கிளாட்வினின் கயிற்றைக் கத்தினவன் கையிலேயே கொடுத்தான். வள்ளத்தில் கிடந்த இன்னொரு கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டி, மறு நுனியைப் பாஸ்கல் அண்ணாச்சி கையில் திணித்தான். "என்னப் பிடிச்சுக்கோங்க" என்றான். குதித்துவிட்டான்.

இதை நீங்கள் கொஞ்சம் நிறுத்தி நினைத்துப் பாருங்கள். லாசரின் வம்சத்துப் பிள்ளை தண்ணீருக்கு அடியில். அவன் உயிர் பாஸ்கல் அண்ணாச்சியின் கையில். அவர் விட்டிருந்தால் ஏன் விட்டாய் என்று இந்த ஊரில் யார் கேட்டிருப்பார்கள்?

அவர் விடவில்லை. கீழே இருந்து இனிகோ கயிற்றை அசைத்ததும் இழுத்திருக்கிறார். ஒரு ஆளின் கனம் அல்ல, ரெண்டு ஆளின் கனம். மாட்டின கயிற்றைக் கத்தியால் அறுத்துவிட்டு, கிளாட்வினைக் கட்டிப்பிடித்தபடி இனிகோ மேலே வந்தான். கிளாட்வினுக்குக் காலில் காயம், தண்ணீர் கொஞ்சம் குடித்திருந்தான். இடுப்புப் பையில் எடுத்த சங்கு அப்படியே இருந்ததாம். அந்த நேரத்திலும் விடவில்லை, நல்ல மாப்பிள்ளைதான்.

இத்தனையும் வள்ளத்தில் இருந்தவர்கள் சொன்னது. இனிகோவைக் கேட்டால், "கயிறு மாட்டிச்சு, எடுத்து விட்டேன்" என்கிறான். அவனுக்கு உங்கள் வாய்.

வள்ளம் கரைக்கு வந்ததும் பாஸ்கல் அண்ணாச்சி நேரே நடந்தார். நம்ம வீட்டுக்கு. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார். ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தம்.

"கஞ்சி இருக்கா தங்கச்சி?"

சட்டியைப் பிடிக்க அவருக்குக் கை வரவில்லை. கிரேசி பக்கத்தில் உட்கார்ந்து அகப்பையால் ஊட்டினாள். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேர்ல எவன் எம் மவன், எவன் ஒம் மவன்னு கயித்துல தெரியல. ரெண்டும் ஒரே கனமாத்தான் இருந்தானுவ."

பிறகு கிரேசியைப் பார்த்து, "ஏளா, ஒன் கை ஆகும். ஒங்க அண்ணன் கையும் ஆகும். உப்பு மட்டும் கூட" என்றார். வாசலில் ஊரே நின்றது. தள்ளி நின்ற பெண்கள் முற்றத்துக்குள் வந்துவிட்டார்கள், எல்லாருக்கும் கஞ்சி போதவில்லை, பக்கத்து வீட்டுப் பானையும் வந்தது. கயிறுவிட்டான் வீட்டில் ஊர் கஞ்சி குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வீரபாகு கடையில் இப்போது புதுக்கதை. நேற்று வரைக்கும் இனிகோ மூன்று பேரைக் காப்பாற்றியிருக்கிறான். போகிற போக்கில் லாசர் கொன்ற அத்தனை பேரையும் இவன் மேலே கொண்டுவந்துவிடுவான்.

தவசுக் காலம் கழிந்து, பாஸ்காத் திருநாள் முடிந்த வாரத்தில் கல்யாணம். பெண்ணின் தகப்பன்தான் மாப்பிள்ளைக்குப் புதுக்கயிறு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பாஸ்கல் அண்ணாச்சி முறையைச் சொன்னார். "செபாஸ்டினுக்கு எழுது" என்றார். எழுதிவிட்டேன். நான் கூப்பிடவில்லை, முறை கூப்பிடுகிறது.

பிலோமினா

•

கொழும்பு
6-3-1974

அன்புள்ள பிலோமினா,

உன் கடிதத்தைக் கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். முதலாளி ரெண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். சோறு குழைந்துவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை.

நேற்று கயிற்றுக் கடைக்குப் போனேன். வாசலில் நெடுநேரம் நின்றேன். கடைக்காரர் ஒரு கயிற்றை எடுத்து, இழுத்துப் பாருங்கள் என்று நீட்டினார். வாங்கி இழுத்துப் பார்த்தேன். நல்ல கயிறு. சின்ன வயதில் எப்படிப் பிடித்தேனோ அப்படியே கை பிடித்தது.

எத்தனை பாகம் நீளம் வெட்டட்டும் என்று அவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாஸ்கல் சம்பந்தியிடம் கேட்டு எழுது.

வேண்டாம், எழுதாதே. கட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். தலைமன்னாரில் சனிக்கிழமைக் கப்பல். நானே வந்து கேட்டுக்கொள்கிறேன்.

கயிறு பிடித்த இனிகோவின் அப்பா,
செபாஸ்டின்