சூடான சிலிண்டருக்கு ஐஸ்

பச்சையம்மா,

மீன்கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டு மெட்ராசுக்குக் கிளம்பிவிட்டேன். பழைய சோறு உறியில் இருக்கிறது. சாவி வலைக்கு அடியில்.

மீனுக்கு ஐஸ் வைத்துப் பழகிய கை உன்னுடையது. அன்றைக்கு ஓடிவந்து நின்ற வண்டிக்கும், "பாவம், இன்னாமா கொதிக்குதுய்யா" என்று கூடை ஐஸை அள்ளி என்ஜின் சிலிண்டர் மேல் வைத்துவிட்டாய். அது விரிசல் விட்டது. நான் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

பொன்னேரி லேத்காரர் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். "பாரம் இழுக்கணும்னு முன்னாடியே சிலிண்டர உள்ள பெருசா குடைஞ்சிக்கினே. இனிமே இது தாங்காது நைனா" என்றார். பெட்ரோலில் ஆயில் கூடுதலாகக் கலந்திருக்கிறேன். காரனோடையில் நிறுத்தி, தானாக ஆறவிடுவேன். ஆனாலும் சோழவரம் தாண்டும் என்று நம்பிக்கை இல்லை. வண்டி நின்றால் மீனும் நாறிவிடும்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அன்றைக்கு சிலிண்டரில் பட்டு உன் கையில் எழுந்த கொப்புளம் ஆறுவதற்குள் உப்புத் தண்ணீரில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கப் போய்விட்டாய். பானைக்குப் பக்கத்தில் துணியில் கொஞ்சம் ஐஸ் முடிந்து வைத்திருக்கிறேன். உன் கைக்குத்தான். நீ வருவதற்குள் கரைந்துவிடும். ஈரத் துணியையாவது சுற்றிக்கொள்.

துலுக்காணம்