எக்ஸ்ட்ரா மூன்று மாதம்

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

செல்லமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நலம், நலத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அங்கே நீயும், மகளும் மாப்பிள்ளையும், பேத்தி இனியாவும், புதுக் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் ரஞ்சிதா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பெண்டாட்டியிடம் பேசுவதை மாப்பிள்ளையும் உட்கார்ந்து கேட்கிறார். அதனால்தான் மெல்போர்னுக்கு வரும் நம் பக்கத்து வீட்டுப் பிரவீனாவிடம் பருப்புப்பொடியோடு இந்தக் கடிதம். பொடியை எல்லோருக்கும் கொடு. கடிதத்தை நீ மட்டும் படி.

போன வாரம் ரஞ்சிதா, "அம்மா எக்ஸ்ட்ராவா மூணு மாசம் இங்கயே இருக்கட்டுங்கப்பா" என்றாள். எக்ஸ்ட்ரா என்றால் என்ன சாமி என்று இனியாவை விளையாட்டாகக் கேட்டேன். "ஏற்கெனவே இருக்கறதுக்கு மேல இன்னுங் கொஞ்சம், அப்பிச்சி" என்றது. லாரிக்கு எக்ஸ்ட்ரா ஹாரன், எக்ஸ்ட்ரா விளக்கு என்று அந்த வார்த்தையை விற்றே வீடு கட்டியவன் நான். பிள்ளை சொன்னது சரி. முதலில் ஒரு ஹாரன் இருந்தால்தான் அடுத்தது எக்ஸ்ட்ரா. இந்த வீட்டில் முதலே இல்லை. அங்கே மேலே மூன்று மாதம் கேட்கிறார்கள். எந்த ஊர் வியாபாரம் இது?

கடையும் சுமார்தான். வருகிறவர்கள் கேட்ட பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ இருந்தால் கையில் மோரைக் கொடுத்து, "ஏனுங்க, புது வண்டிக்குக் கண்ணு பட்றாதுங்களா?" என்று நாலு குஞ்சத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருப்பாய். வேண்டியதை விற்க நான் போதும். வேண்டாததை விற்க நீதான் வேண்டும். நானே ஒருநாள் மோர் கலக்கினேன். ஒரு டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பேட்டரிக்கு ஊத்தற தண்ணிங்களா?" என்று கேட்டார்.

அதற்காக உடனே கிளம்பி வா என்று சொல்லவில்லை. ரஞ்சிதா வேலைக்குத் திரும்ப வேண்டும். மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை. கைக்குழந்தையோடு அவள் ஒண்டியாகத் திண்டாடுவாள் என்பது எனக்கும் தெரிகிறது. "உங்கப்பா சமாளிச்சுக்குவாரு" என்று நீ அவளிடம் சொன்னதும் கேட்டது. ஸ்பீக்கர் இரண்டு பக்கமும் வேலை செய்யும், சௌந்திரம். சமாளிக்கிறேன். மூன்று வேளையும் ஒரே ரசத்தைச் சமாளிக்கிறேன்.

ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். எனக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறேன். கடையை நம் கடைப் பையன் அன்பரசு பார்த்துக்கொள்வான். ஒரு குஞ்சம்கூட விற்க மாட்டான். ஆனால் ஒரு ரூபாய்கூட எடுக்க மாட்டான். மகள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும். எவனாவது வந்து எனக்கு ரசம் வைத்தானா?

ஆகவே நீ மூன்று மாதம் இரு. ரஞ்சிதாவிடம் சொல்லி ஒரு கட்டில் மட்டும் எக்ஸ்ட்ராவாகப் போடச் சொல். இடமில்லையென்றால் பாய் போதும். பாத்திரம் கழுவ நன்றாகப் பழகியிருக்கிறேன்.

பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உன்
செல்லமுத்து