நூற்று இருபதுக்கு மேல் ஒருத்தி

26-1-2009, திங்கள்

ஏழாம் வகுப்பு ரேவதியின் வெள்ளை ஷூ கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

குடியரசு தின டிரில்லுக்கு நூற்று இருபத்தோரு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பி.டி. சார். நான்தான் கணக்கு டீச்சர் பவிசைக் காட்டினேன்.

"நூத்தி இருவதுன்னா ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டுன்னு எப்படி வேணா பிரிச்சு நிறுத்தலாம் சார். அத விடச் சின்ன நம்பர் எதுக்கும் இத்தன காரணி கெடையாது. ஒண்ணு கூடுனா எல்லாம் கெட்டுடும்."

கடைசியாகப் பெயர் கொடுத்தவள் தேவனாம்பட்டினத்து ரேவதி. அவளை டிரில்லிலிருந்து நிறுத்தினேன்.

"நாந்தான் ஜாஸ்தியா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தேன் வேறு.

இன்று சிறப்பு விருந்தினர் சிதம்பரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. "வட்டம் கட்டம்லாம் வேணாம், புள்ளைங்க மயக்கம் போட்டுடும். ஒருத்தி பின்னால ஒருத்தியா நடந்து போவட்டும், போதும்" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. அப்படியே மேடையைக் கடந்து போனார்கள்.

ரேவதி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். காலில் புது கேன்வாஸ் ஷூ. பெயர் கொடுத்த அன்றே வீட்டில் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். என்னைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஒற்றை வரிசைதான் போனது. ஒன்றால் வகுபடாத எண்ணே கிடையாது. ஆறாம் வகுப்புக்கு அதை நடத்துவதே நான்தான்.