முதல் போன் யாருக்கு

அன்பு மகளுக்கு, காணாமல் போன அந்த விமானம் இன்னும் கிடைக்கவில்லை. நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று தெரியும், எதிர்க்கடைக்காரன் சொல்லித் தெரியும், அதுதான் என் வயிற்றெரிச்சல். அது காணாமல் போன அன்றைக்கு நீயும் வேறொரு விமானத்தில் பறந்துகொண்டிருந்தாய். செய்தி வந்ததும் தராசில் போட அள்ளிய ஆணி என் கையிலேயே நின்றுவிட்டது, நீ ஏறியது எந்தக் கம்பெனி விமானம் என்றுகூட எனக்குத் தெரியாது. அப்போதுதான் அந்த எதிர்க்கடைக்காரன், உன் மாமன், தன் செல்போன் ரிப்பேர் கடை வாசலில் நின்றுகொண்டு, "அத்தான், பாப்பா பத்திரமா எறங்கிட்டா, இப்பத்தான் எங்கிட்ட பேசினா" என்று தெருவே கேட்கக் கத்தினான். உயிர் வந்தது, மானம் போனது. ஆணி வாங்க வந்தவன்கூட, "பெத்தவருக்கு முன்னாடி மாமனுக்கா?" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து கூட்டமெல்லாம் அவன் கடையில்தான். டீவியை அலறவிட்டு, கடலில் விழுந்தது, கடத்திவிட்டார்கள், பைலட்டே திருப்பிவிட்டான் என்று வேளைக்கொரு கதை. தையற்காரர், எங்கேயோ இறக்கி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றார். ஒளித்து வைக்க அது என்ன உங்கள் கத்தரிக்கோலா என்று கேட்டேன், ஒருத்தனும் சிரிக்கவில்லை. அதையே உன் மாமன் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஒரே ஒரு தடவை விமானம் ஏறி, வாந்திப் பையை விட்டுத் தலை நிமிராதவன் அவன். தேடுகிறவர்களுக்கே தெரியாததை இவன் கண்டானாம். விமான நிலையத்தில் காத்துக் கிடக்கும் தாய் தகப்பன்களைக் காட்டும்போது மட்டும் நான் எழுந்து வந்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வர எந்த விமானம் நல்லது என்றும் அவனைத்தான் கேட்டாயாமே. நானும் சொல்கிறேன், கேள். மலிவு என்று பார்க்காதே, தூங்கும்போதும் பெல்ட்டைக் கழற்றாதே. உன் அம்மா கப்பலில் வரச் சொல்கிறாள், அதைக் காதில் வாங்காதே, பயந்தால் வீட்டுப் படிகூட இறங்க முடியாது. அவளிடம் என் குறையைச் சொன்னதற்கு, "கடையில ஆள் நின்னா நீங்க போனைத் திரும்பியும் பாக்க மாட்டீங்க, அவ அடிச்சு அடிச்சு அலுத்துப் போய்த்தான் அவனைக் கூப்பிட்டா" என்றாள். போனை எடுத்துப் பார்த்தேன், அன்றைய தேதியில் நான் எடுக்காத அழைப்பெல்லாம் உன் பேராக வரிசையாக இருந்தது.

நல்லபடியாக வந்து சேர் கண்ணே, ஒரு குறையும் உன்னை அண்டாது. நேற்று உன் மாமனோடு பேசி முடித்துவிட்டேன். இறங்கியதும் முதல் போன் எனக்கு, கடையில் கூட்டம் நெரித்தாலும் எடுப்பேன். அழைத்துவர வண்டி அவனுடையது, ஓட்டுவதும் அவன். பின் சீட்டில் உன் பக்கத்தில் நான். வழிநெடுக அவன் சொல்லும் விமானக் கதைக்கு நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாது, அது அவன் போட்ட நிபந்தனை. ஒத்துக்கொண்டேன்.

உன்னைப் பெற்றவன்