சீனியை மறைக்க மாட்டேன்

பெப்ரவரி 6, 1979

பதுளையில் இன்றும் மழை. எவ்வளவு குடித்தாலும் தீராத தாகம், முதுகில் ஆறாத கட்டி. இவர் புடவைக்கடையைப் பாதியில் பூட்டிவிட்டு என்னை டொக்டரிடம் கூட்டிப்போனார். சீனி வருத்தமாம், நீரிழிவு. எனக்கு!

ஊசி போடவேண்டுமா என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். "இப்ப வேணாம். ஒங்கட உடம்புல இன்சுலின் இருக்கு. தேவைக்கு மேலயும் இருக்கலாம். ஆனா உடம்பு அதுட பேச்சக் கேக்குதில்ல. எடையக் குறைச்சு, தினம் நடந்தீங்கன்னா கேக்கத் தொடங்கும்."

பேச்சைக் கேட்காத உடம்பு. இத்தனை வருடம் இவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது புதிதா? கேட்க வைப்பேன்.

பெப்ரவரி 9

நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் வந்தாயிற்று. மருந்தில் சில துளி சிறுநீரை விட்டு ஸ்பிரிட் விளக்கில் சூடாக்க வேண்டும். சீனி இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள். என்னுடையது செங்கல் நிறம். மகள் பலீலா எட்டிப் பார்த்து, "உம்மா, சேலைக்கு நல்ல கலர்" என்றாள். அடிக்கக் கை ஓங்கியவள் சிரித்துவிட்டேன்.

பெப்ரவரி 20

சோறு பாதி, கீரை தாராளம், காலையில் குரக்கன் மாவில் சுட்ட கறுத்த ரொட்டி. சீனியில்லாத தேத்தண்ணீர்தான் மனதுக்கு ஒப்பவில்லை.

மார்ச் 4

விடிந்ததும் ரயில் நிலையம் வரை நடக்கிறேன். சேலை, முக்காடு, காலில் கான்வாஸ் சப்பாத்து. கடை திறக்கிறவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இவர் முகம் சுளித்தார். "பொம்பளைக்குக் கால் குடுத்தது அடுப்படிக்குப் போக மட்டுமா?" என்று கேட்டேன். மறுநாள் அவரும் கூட வந்தார்.

மார்ச் 18

பலீலாவுக்குப் பண்டாரவளையிலிருந்து சம்பந்தம். பையன் நிஸாம், பள்ளிக்கூட ஆசிரியர். படத்தைப் பார்த்துவிட்டு வைத்தவள், யாரும் இல்லாதபோது மறுபடி எடுத்துப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு வருகிறார்கள்.

இவருடைய அக்கா ஹம்ஸியா மதினி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாயத் தொறக்காத, ஸுபைரா. சீனிக்காரிட மகள யாரு எடுப்பா? வாறவங்க முன்னுக்கு ரெண்டு கரண்டி வட்டலப்பம் தின்னா செத்தா போயிடுவ?"

இவர் கடைக் கணக்குக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதுதான் வலித்தது.

மார்ச் 19

என் பிள்ளைட வாழ்க்கையில நானே மண்ணள்ளிப் போடுறேனா? ரெண்டு கரண்டிதானே — சரி, அன்னைக்குத் திம்பேன். அதுக்குப் பொறகு? பெருநாளைக்கு? பேரப்பிள்ளை பொறந்தா? ஒவ்வொரு விருந்துலயும் பொய்யத் திங்கணுமா?

மார்ச் 25

வந்தார்கள். நிஸாமின் உம்மா ஸைனப், என்னைவிட மூத்தவர், கனத்த உடம்பு, மெல்லிய குரல். கருப்பட்டிப் பாகு மினுங்கும் வட்டலப்பத்தைத் தன் கையாலேயே என் வாயருகில் கொண்டுவந்தார். அறை முழுதும் என் வாயையே பார்த்தது.

"எனக்கு சீனி வருத்தம், ராத்தா. இதத் திங்கிறதில்ல. மறைச்சுப் பிள்ளையக் குடுக்க எனக்கு விருப்பமில்ல."

கரண்டி தட்டுக்குத் திரும்பிப் போனது. ஹம்ஸியா மதினி எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பிறகு எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். முடிவு சொல்லாமலே விடைபெற்றார்கள். பலீலா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குப் போனாள். பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

மார்ச் 28

பதில் இல்லை. குழாயில் பச்சை. சந்தோஷப்படத் தெம்பில்லை. ஆனாலும் நடந்தேன்.

ஏப்ரல் 2

ஸைனப் ராத்தா தனியாக ரயிலில் வந்து இறங்கினார். சர்பத் வேண்டாம் என்றார். அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"எனக்கும் தீராத தாகம் இருக்கு. ஒரு வருஷமாக் காலு எரியுது. யார்ட்டயும் சொல்லல்ல. அவ்வளவு பேருக்கு முன்னுக்கு நீங்க எப்படிச் சொன்னீங்க?"

விளக்கைப் பற்றவைத்தேன். அவருடைய குழாயும் செங்கல் நிறமாகத்தான் மாறியது. பார்த்ததும் அழுதுவிட்டார். டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி சொன்னேன். "இது அழுறதுக்கில்ல ராத்தா, நடக்கிறதுக்கு. மொதல்ல வாங்க, டொக்டருக்கிட்டப் போவம். எரியிற காலயும் அவருக்குக் காட்டணும்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, ரயிலுக்குப் புறப்படும்போது வாசலில் நின்று கேட்டார்: "நிக்காஹ்வ நோம்புக்கு முன்னுக்கே வெச்சிருவமா?"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம். அவர் தெருவில் இறங்கியதும் பலீலா பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கழுத்து நனைந்தது.

மே 11

நீலம்!

ஜூலை 8

நிக்காஹ் நல்லபடியாக முடிந்து மூன்று வாரம். மகளைப் பார்க்கப் பண்டாரவளைக்கு வந்திருக்கிறோம். விடியுமுன் சுப்ஹு தொழுததும் ஸைனப் ராத்தா கதவைத் தட்டினார். வாசல் கேட்டருகில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் முக்காட்டோடு காத்து நின்றார்கள். பனிக்குள் மேட்டுப் பாதையில் ஏறினோம். ராத்தா வெகுதூரம் முன்னே போய்விட்டார். "கொஞ்சம் மெதுவாப் போங்க!" என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது.